தையலில் உட்கார்ந்திருந்த ஈரம்

ஏற்காட்டில் நாங்கள் கூடாரம் அடித்துத் தங்கிய மூன்று நாளும் எனக்குச் சரியாக நினைவில் இல்லை. கேட்டால் துண்டு துண்டாகச் சொல்வேன்: உப்புமாவில் மண் கடிபட்டது, நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து பாடியது, ஒருவன் ராத்திரி தூக்கத்திலேயே எழுந்து நடந்து காப்பித் தோட்டத்து வேலி வரைக்கும் போனது. ஆனால் கீழே இறங்கி வந்த மறுநாள், அந்தக் கூடாரங்களைக் காயவைத்த பகல் முழுசாக இருக்கிறது. எந்த நேரத்தில் நிழல் எந்தச் சுவரைத் தொட்டது என்பதுகூட.

எழுபதுகளின் நடுப்பகுதி. சேலத்தில் ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். பள்ளியில் சாரணர் படை இருந்தது. சேவை செய்ய வேண்டும் என்ற எண்ணத்தில் எல்லாம் நான் அதில் சேரவில்லை. எங்கள் வீடு அம்மாப்பேட்டையில். தறிக்காரர் வீட்டில் லீவு நாளில் பிள்ளையைச் சும்மா விடமாட்டார்கள், ராட்டையின் முன்னால் தார் சுற்ற உட்காரவைத்துவிடுவார்கள். காலாண்டு லீவில் மூன்று நாளாவது அதிலிருந்து தப்பிக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி முகாம்தான்.

படைக்கு நாலு கூடாரம். எல்லாம் கித்தான். இப்போது கடையில் தொங்குகிற, முதுகுப் பையில் அடங்கும் நைலான் சமாச்சாரம் இல்லை. பட்டாளம் கழித்துக்கட்டியதை யாரோ ஏலத்தில் எடுத்து, அது கை மாறிக் கை மாறிப் பள்ளிக்கு வந்ததாகச் சொல்வார்கள். ஒரு கூடாரத்தின் மூலையில் மங்கிய கறுப்பு மையில் கான்பூர் என்றும் 1944 என்றும் ஆங்கிலத்தில் முத்திரை இருந்தது. எனக்கு அதில் பெரிய பெருமை. என் அப்பாவைவிட நாலு வயதுதான் சின்னது அந்தத் துணி.

முகாமுக்கு முன்பு ஒட்டுப்போட ஒரு கூடாரத்தை எங்கள் வீட்டுக்குத் தூக்கிவந்திருந்தோம். அப்பா தறியை விட்டு இறங்கி வந்து, துணியை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். விளிம்பிலிருந்து ஒரு இழையை உருவி, விரலுக்கு நடுவில் வைத்து முறுக்கைப் பிரித்தார். "பாவு ரெட்டை நூல்டா. நல்லா நெருக்கி அடிச்சிருக்கான்" என்றார். யாரையும் லேசில் பாராட்டாத மனுஷர், முகம் தெரியாத கான்பூர்க்காரனைப் பாராட்டினார்.

அந்த நெருக்கம்தான் கூடாரத்தின் சூட்சுமம் என்று எங்கள் சாரண ஆசிரியர் சொல்வார். அவர் எங்களுக்கு அறிவியலும் எடுத்தார். பருத்தி நூல் தண்ணீர் பட்டால் உப்பும். உப்பினால் இழைக்கும் இழைக்கும் நடுவில் இருக்கிற சந்து அடைபட்டுவிடும். ஆகவே மழையை மழையே தடுக்கிறது. போதாததற்கு மேலே ஒரு மெழுகுப் பூச்சு. மழை பெய்யும்போது மட்டும் உள்ளேயிருந்து விரலால் தொடக்கூடாது. தொட்ட இடத்தில் தண்ணீர் வழி கண்டுபிடித்துக்கொள்ளும், அப்புறம் சொட்டிக்கொண்டே இருக்கும். இதைச் சொன்ன பிறகு தொடாமல் இருக்க முடியுமா? முதல் நாள் ராத்திரியே ஆளாளுக்கு ஒரு ஓட்டை செய்துகொண்டோம்.

கயிறு இதற்கு நேர்மாறு. நனைந்தால் அதுவும் உப்பும், ஆனால் உப்ப உப்ப நீளம் குறையும். மாலையில் விறைப்பாகக் கட்டிய கயிறு நடு ராத்திரி மழையில் முளையைப் பிடுங்கிவிடும். அதனால் சார் ராத்திரியில் இரண்டு தடவை எழுந்து, டார்ச்சு அடித்துக்கொண்டு, ஒவ்வொரு கயிறாகத் தளர்த்திவிட்டுப் போவார். கித்தானுக்கு வெளியே அந்த மஞ்சள் வெளிச்சம் ஊர்ந்து போவதைப் படுத்தபடியே பார்ப்பேன். பயமாகவும் இருக்கும், தைரியமாகவும் இருக்கும்.

கடைசி நாள் காலையில் மழை விடவே இல்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஈரத்தோடேயே சுருட்டினோம். வரும்போது இரண்டு பேர் தூக்கிய மூட்டை, போகும்போது நாலு பேருக்கும் அசையவில்லை. பஸ் கூரை மேல் ஏற்றிக் கட்டினோம். சேலத்துக்கு இறங்குகிற பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவு. வளைவுக்கு வளைவு மூட்டையிலிருந்து செம்மண் தண்ணீர் ஜன்னல் வழியாக உள்ளே வழிந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா முந்தானையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "மேல என்ன கண்டக்டர், ஆடு ஏத்தியிருக்கீங்களா?" என்று கத்தினார். பஸ்ஸே சிரித்தது. சார் சிரிக்கவில்லை. அவர் மனசு மூட்டையில் இருந்தது.

அதற்குக் காரணம் உண்டு. நாங்கள் சேருவதற்கு முன்பு கூடாரம் ஐந்து. யாரோ இரவல் வாங்கிப் போய், நனைந்ததை அப்படியே மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வாங்கியவர்களும் பிரித்துப் பார்க்காமல் பரண் மேல் போட்டுவிட்டார்கள். அடுத்த வருஷம் எடுத்தபோது உளுந்து கொட்டினாற்போலத் துணி பூராவும் கரும்புள்ளி. பூசணம். கழுவினால் நாற்றம் கொஞ்சம் போனது, புள்ளி போகவில்லை. நாலு பேர் பிடித்து இழுத்ததும் அப்பளம்போலக் கிழிந்துவிட்டதாம். மற்ற நாலு கூடாரத்திலும் நாங்கள் பார்த்த ஒட்டெல்லாம் அதன் பிழைத்த பாகங்கள்தான். "பூசணத்துக்கு ஒரு வாரம் எல்லாம் வேண்டாம்டா. ரெண்டு மூணு நாள் போதும்" என்று சார் பஸ்ஸில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டே வந்தார்.

பள்ளி மைதானம் முந்தின நாள் மழையில் சேறாகிக் கிடந்தது. வகுப்பறையில் விரித்தால் காற்று இல்லை. எங்கள் அணியில் ஒருவனுடைய அப்பா ஊருக்கு வெளியே ஒரு சேகோ ஆலையில் களத்து மேஸ்திரி. மறுநாள் ஆயுத பூசை. ஆலை ஓடாது, களம் காலி. அவன்தான் சொன்னான்: "சார், எங்கப்பா களத்துல விரிச்சிரலாமா?"

சேலத்துக்காரர்களுக்குச் சேகோ களம் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக. குச்சிக்கிழங்கை அரைத்து, பாலை வடிகட்டி, தொட்டியில் படியவைத்து எடுத்த மாவைத் தொட்டில் மாதிரிக் கட்டிய துணியில் போட்டுக் குலுக்கினால் முத்து முத்தாகத் திரளும். அதைச் சூட்டில் வறுத்து வெயிலில் காயவைத்தால் ஜவ்வரிசி. இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டு ஜவ்வரிசி வரத்து நின்றுபோனதும், 1943 வாக்கில் சேலத்தில் இந்தத் தொழில் வேர்பிடித்தது. எங்கள் காலத்தில் ஊரைச் சுற்றி எந்தத் திசையில் போனாலும் ஒரு ஆலை வரும். ஆலைக்கு முன்னால் அதன் வாசனை வரும். புளித்த மாவும் சாக்கடையும் கலந்த நெடி. வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்துவார்கள். எனக்கு இன்றைக்கும் அது ஊர் வந்துவிட்டது என்கிற வாசனை.

காலை எட்டு மணிக்குத் தள்ளுவண்டியில் நாலு மூட்டையும் போய்ச் சேர்ந்தன. அப்படி ஒரு விரிவை நான் அதுவரை பார்த்ததில்லை. கண்ணுக்கு எட்டியவரை சிமெண்டுத் தரை, அதில் முந்தின நாள் கூட்டியும் போகாத மாவுப் பொடி வெள்ளையாகப் பூத்திருந்தது. ஓரத்தில் கால்படாத ஜவ்வரிசி மணிகள். வெயில் விழுந்தால் தரை கண்ணைக் கூசும். நாங்கள் மூட்டையைப் பிரித்ததும் ஏற்காட்டுக் குளிர் ஒரு கணம் வெளியே வந்தது என்று சத்தியம் செய்வேன். பெட்டிக்குள் அடைத்துவைத்த குளிர்போல. அதோடு செம்மண், புகை, சில்வர் ஓக் சருகு, எங்கள் வியர்வை எல்லாம் சேர்ந்த ஒரு மணம்.

சார் முதலில் சொன்னது: "யாரும் தண்ணி ஊத்தக்கூடாது." எங்களுக்கு ஏமாற்றம். அழுக்கை எடுப்பது என்றால் கழுவுவது என்றுதானே எல்லோரும் நினைப்போம்? ஈரச் சேற்றைத் தேய்த்தால் அது நூலுக்குள் இறங்கிவிடும், காய்ந்தால் தானாக உதிரும். ஆகவே முதலில் காயட்டும். காய்ந்ததும் பூந்துடைப்பத்தால் மெல்லத் தட்டணும். சீமாறு வைத்துப் பறண்டினால் மெழுகு போய்விடும். சோப்பு? கையை எடுத்துக் கும்பிடாத குறை. "சோப்பு போட்டா மழைக்கு நீங்களே கதவைத் திறந்துவிடறீங்க."

இந்த இடத்தில் நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இரண்டாம் நாள் காலை, எங்கள் கூடாரத்தின் உள்பக்கம் கூரைச் சரிவில் ஒரு டம்ளர் காப்பியைக் கொட்டியவன் நான். யாரையோ துரத்தும்போது டம்ளர் பறந்துவிட்டது. கறை பழுப்பாக, வட்டமாக, எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி இருந்தது. சார் பார்ப்பதற்குள் போக்கிவிட வேண்டும் என்று, சட்டை துவைக்கக் கொண்டுபோயிருந்த 501 பார் சோப்புத் துண்டைத் தடவி, தேங்காய் நாரால் தேய் தேய் என்று தேய்த்துவிட்டேன். கறை போனது. உள்ளங்கை அகலத்துக்கு அந்த இடம் மட்டும் புதுத் துணிபோல வெளுத்துவிட்டது. களத்தில் விரிக்கும்போது அந்தப் பக்கத்தை நான்தான் பிடித்தேன். வெளுத்த இடத்தின் மேல் ஒரு மடிப்பு விழுகிற மாதிரி பார்த்துக்கொண்டேன்.

பத்து மணிக்குச் சேறு வெளிறியது. பதினொன்றுக்கு வெடித்தது. தட்டத் தட்டச் செதில் செதிலாகப் பறந்தது. களத்துக் காவல்காரர் எங்களுக்கு ஜவ்வரிசி துழாவுகிற மரப்பலகையைக் காட்டி, பெண்கள் வெயிலில் எப்படி வரி வரியாக இழுத்துப் புரட்டுவார்கள் என்று செய்து காட்டினார். நாங்கள் கூடாரங்களை நட்டு நிறுத்தவில்லை. சிமெண்டில் முளை எப்படி இறங்கும்? இரண்டு பக்கத்துச் சுவர்க் கம்பிகளில் கயிறு இழுத்து, நடுமுகடு கயிற்றில் படுகிற மாதிரி போட்டு, ஓரங்களை மட்டும் களத்தில் பரத்தினோம்.

பன்னிரண்டரை இருக்கும். துணி நடுவில் தொட்டால் சுட்டது. பசி. வீட்டில் பொரிகடலையும் சுண்டலும் காத்திருந்தன. "காஞ்சிருச்சு சார்" என்று ஒரு குரல் தொடங்கியது, அப்புறம் நாங்கள் பன்னிரண்டு பேரும் அதையே சொன்னோம். சாரும் தடவிப் பார்த்துவிட்டு, "ம்ம், மடிக்கலாம்" என்றார்.

அப்போதுதான் எங்கள் ஆயா வந்தது. பூசைக்கு வராத பேரனைத் தேடி, கையில் தூக்குப்போசியோடு, அந்த வெயிலில் நடந்தே. எங்களைத் திட்டத்தான் வந்தது. ஆனால் துணியைப் பார்த்ததும் திட்ட மறந்துவிட்டது. தூக்குப்போசியைக் கீழே வைத்துவிட்டு நேராகப் போய், நாங்கள் யாரும் தொடாத ஓரத்தை எடுத்தது. கயிறு கோக்கிற பித்தளைக் கண்களுக்குப் பக்கத்தில், துணியை நாலு மடிப்பாக மடித்துத் தைத்திருப்பார்களே, அந்த இடம். கையால் தொடவில்லை. கன்னத்தில் வைத்துக்கொண்டது. குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி.

"நடுவுல காஞ்சா போதுமா சாமி? தையல்ல ஈரம் உக்காந்திருக்கு பாரு."

சார் வந்து கையை வைத்துப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. ஆயா சொன்னபடி கன்னத்தில் வைத்துப் பார்த்தார். பிள்ளைகள் பன்னிரண்டு பேர் முன்னால், கூடாரத்தின் விளிம்பைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டு நின்ற சாரின் முகம் மாறியதை நான் பார்த்தேன். குளிர்ந்திருக்கிறது. கை வெயிலில் காய்ந்து தடித்திருக்கும், ஈரம் அதற்குத் தெரியாது. கன்னத்துக்குத் தெரியும்.

ஆயா அதோடு விடவில்லை. ஓரத்தை உதறியது. வெள்ளையாகப் புகைந்தது. "இது என்னா வாத்தியாரே, கெழங்கு மாவா? கஞ்சி ஏறுன துணிதான் மொதல்ல பூக்கும். பூசணத்துக்கு நீங்களே சோத்த மூட்டகட்டிக் குடுத்து அனுப்புறீங்க."

இதை ஆயா படிப்பிலிருந்து சொல்லவில்லை. விடியற்காலையில் தெருவை அடைத்துப் பாவை நீட்டி, கஞ்சி தோய்த்து, ஆளுக்கொரு பக்கம் நின்று நாரால் இழுத்து ஆற்றுவது எங்கள் தெருவின் வேலை. கஞ்சி காய்வதற்குள் மழை பிடித்துக்கொண்டால் அவ்வளவுதான். நான் பிறப்பதற்கு முந்திய ஒரு ஐப்பசியில், அடைமழையில் நாலு நாள் காயாமல் வீட்டுக்குள் சுருட்டிக் கிடந்த இரண்டு பாவு அப்படியே பூத்துவிட்டதாம். நூல் கொடுத்தவர் கூலியில் பிடித்துக்கொண்டார். தீபாவளிக்கு யாருக்கும் துணி இல்லை. அந்தக் கதை எங்கள் வீட்டில் அடிக்கடி சொல்லப்படுவதில்லை. ஆனால் மேகம் கறுத்தால் ஆயாவின் கை தானாகக் கொடியில் கிடக்கிற துணியைத் தேடிப் போகும்.

"சொல்லுங்கம்மா, என்ன பண்ணணும்?" என்றார் சார். எங்களுக்கு அறிவியல் எடுக்கிறவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

அதற்குப் பிறகு ஆயா சொன்னதுதான் நடந்தது. முதலில் எல்லாவற்றையும் தரையிலிருந்து தூக்கச் சொன்னது. ஓரங்களையும் கயிற்றின் மேல் ஏற்றி, உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி திருப்பிப் போட்டோம். திருப்பியதும் என் வெளுத்த வட்டம் ஊர் பார்க்க வானத்தைப் பார்த்து நின்றது. நல்லவேளை, எல்லோரும் தையலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்து உதற, மாவு பறந்து எங்கள் தலை எல்லாம் நரைத்தது. கயிறுகளை அவிழ்த்துத் தனியாகப் போட்டோம். சாயம் போட்ட நூலை நிழலில் காயவைப்பதுபோல, தையல் காய்ந்ததும் துணியை வெயிலிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்றது ஆயா. "ஈரமும் தின்னும், வெயிலும் தின்னும். ரெண்டுக்கும் குடுக்காத."

தூக்குப்போசியில் இருந்த சுண்டலைப் பன்னிரண்டு பேருக்கும் சாருக்கும் பங்கு போட்டால் ஆளுக்கு ஒரு கை. அதைத் தின்றுவிட்டு ஆலைச் சுவர் நிழலில் உட்கார்ந்திருந்தோம். வெயில் நகர நகர நாங்களும் நகர்ந்தோம். அரைமணிக்கு ஒரு தரம் யாராவது ஓடிப்போய்க் கன்னத்தை வைத்துப் பார்த்துவிட்டு வருவான். கண்களுக்குப் பக்கத்து மடிப்பு கடைசியாகக் காய்ந்தபோது மூன்று மணி தாண்டிவிட்டது.

அப்போதும் மடிக்க விடவில்லை. சூட்டோடு மடித்தால் உள்ளுக்குள் வேர்க்குமாம். நிழலில் போட்டு ஆறவைத்து, ஆனால் பனி இறங்குவதற்குள் முடிக்க வேண்டும். பழைய மடிப்பிலேயே மடிக்காதே, அங்கே நூல் முறியும் என்று அது சொன்னபோது எனக்கு ஆச்சரியம். பட்டுப்புடவைக்கு அம்மா சொல்வதும் அதுதான். 1944இல் கான்பூரில் பட்டாளத்துக்குத் தைத்த கித்தானும் அம்மாவின் கல்யாணப் புடவையும் ஒரே ஜாதி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இரும்பு முளைகளில் மண்ணைத் தட்டி விளக்கெண்ணெய் தடவினோம். ஆயுத பூசை நாளாயிற்றே என்று மேஸ்திரி மகன் ஆலை எந்திரத்துக்கு வைத்த சந்தனக் கிண்ணத்தை எடுத்துவந்து, முளை அடிக்கிற மரச்சுத்திக்கும் நாலு மூட்டைக்கும் பொட்டு வைத்தான். சார் முதலில், "துணியில வேண்டாம்டா, கறை" என்று தடுத்தார். பிறகு, "சரி, கட்டியிருக்கிற கயித்துல வை" என்று சமாதானமானார். பள்ளிக்குக் கொண்டுபோய், பரணில் இல்லை, மர பெஞ்சின் மேல் வேப்பிலை பரப்பி அடுக்கினோம். மரத்தில் வைத்தால் தரை ஈரம் ஏறாது. எலிக்கு என்ன செய்வது என்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

அடுத்த வருஷமும் ஏற்காடுதான். பிரித்ததும் பன்னிரண்டு மூக்கும் துணியில். பூசண நாற்றம் இல்லை. வேப்பிலையும் லேசான மாவு வாசனையும். மூக்கைத் தேய்த்துவிட்டு, சொல்லாமலே கன்னத்தையும் வைத்துப் பார்த்தோம். சார் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

இரண்டாம் ராத்திரி மழை பிடித்தது. சார் அன்றைக்கு எங்கள் கூடாரத்தில் படுத்திருந்தார். யாரும் கூரையைத் தொடவில்லை, ஒரு வருஷத்தில் அவ்வளவு புத்தி வந்திருந்தது. மழை வலுத்தது, கித்தான் உப்பி, சத்தம் தடித்து மந்தமானது. அப்போது சொட்டு ஒன்று விழுந்தது. சரியாகச் சார் நெற்றியில்.

அவர் எழுந்து டார்ச்சைக் கூரைக்கு அடித்தார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டம், மற்றதெல்லாம் கறுத்திருக்க அது மட்டும் வெளுத்து, நடுவில் தண்ணீர் திரண்டு தொங்கிக்கொண்டிருந்தது. வெகுநேரம் அதையே பார்த்தார். பிறகு வெளிச்சத்தை இறக்கி, வரிசையாகப் படுத்திருந்த எங்கள் முகங்களின் மேல் ஒவ்வொன்றாக நகர்த்தினார். நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். வெளிச்சம் என் இமை மேல் வந்து, மற்றவர்கள் மேல் நின்றதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் நின்றது.

"தூங்கறவன் கண்ணை இப்படியாடா மூடுவான்?" என்றார்.

பிறகு அலுமினியத் தட்டை எடுத்துச் சொட்டுக்கு நேராக வைத்தார். பாயைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுப் படுத்துக்கொண்டார். விடியும்வரை அந்தத் தட்டு அடித்துக்கொண்டே இருந்தது.